பாவித்த காரும் சொல்லாத பழுதும்

பாவித்த பொருளொன்றை விற்கிறவன், அதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததில் எவ்வளவை வாங்குகிறவனிடம் சொல்ல வேண்டும்? "எல்லாவற்றையும்" என்று பதில் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் வாகனங்கள் கைமாறும் விதத்தைப் பார்த்தால், அந்தப் பதிலை நம்புகிறவர்கள் எத்தனை பேர் என்ற ஐயம் வருகிறது.

ஜும்ஆப் பிரசங்கங்களில் வட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். அளவை நிறுவையில் மோசம் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். காணிக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் பெருந்தொகை கொடுத்து வாங்குவது வாகனத்தைத்தான். அதைப் பற்றி மிம்பரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் குண்டசாலையிலிருந்து திகன வரை போனால், பாவித்த வாகனம் ஒன்றை வாங்கியோ விற்றோ பழக்கமில்லாத வீட்டைக் காண்பது கடினம். பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகை முடிந்து நிற்கிறவர்களின் பேச்சில் பாதி வாகனப் பேச்சு. அந்தப் பேச்சிலே விலை வரும், மொடல் வரும், லீசிங் வரும். விற்றவன் எதை மறைத்தான் என்பதும் வரும், ஆனால் அது ஒரு சாமர்த்தியக் கதையாகத்தான் வரும்.

என்னிடமும் ஒரு கார் இருக்கிறது. 1990களின் நடுவில் ஜப்பானில் செய்தது. 2013இல் 11 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. முப்பது வருடம் ஓடிய பின்னர் வருகிற நோய்க்கு, பெற்றவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அந்தக் காரை இப்போது விற்க வேண்டியிருக்கிறது. உம்மாவின் இரண்டு முழங்கால்களுக்கும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆகவே மேற்சொன்ன கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியல்ல. அதன் பெறுமதி மூன்று இலட்சம் ரூபாய். எப்படி மூன்று இலட்சம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காரின் குணத்தைச் சொல்ல வேண்டும். அது கெட்ட கார் அல்ல. கெட்ட காராக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவையில்லை. கெட்டது என்று சொல்லி, இரும்பு விலைக்குக் கொடுத்துவிடலாம். நல்ல காரும் அல்ல. என் பாடசாலை தெல்தெனியவுக்கு அப்பால் மேட்டில் இருக்கிறது. மஹியங்கனை வீதியில் காலை ஆறரைக்கு இரண்டு ஆசிரியைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், வருடத்தில் முந்நூறு நாளில் இருநூற்றுத் தொண்ணூறு நாள் எந்தக் குறையும் சொல்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். மீதிப் பத்து நாளில்தான் விசயம் இருக்கிறது. நன்றாக ஓடிச் சூடேறியபின் எஞ்சினை நிறுத்தினால், சில வேளை மறுபடி ஸ்டார்ட் ஆகாது. கடையில் இறங்கி ஒரு பத்திரிகை வாங்கிக்கொண்டு வருவதற்குள் பிணம் போலக் கிடக்கும். இருபது, முப்பது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடவாதது போல எழும்பும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு பழுதும் காட்டாது. பல்வலிக்காரன் டாக்டரின் கதவைத் தட்டியதும் வலி போவது போல.

இது தெரியாத நோயல்ல. அந்தக் காலத்துக் கார்களில் தீப்பொறி கொடுக்கிற பொறுப்பு டிஸ்ரிபியூட்டருக்கு. அதற்குள்ளே இருக்கும் இலத்திரனியல் பகுதி வயதாகிவிட்டால் சூட்டில் வேலை செய்ய மறுக்கும், ஆறினால் ஒத்துக்கொள்ளும். புதிது கிடைத்தால் மாற்றிவிடலாம். கிடைப்பது புதிதல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தையில், வேறொரு செத்த காரிலிருந்து கழற்றிய இன்னொரு கிழட்டுப் பகுதிதான் கிடைக்கும். நான் இரண்டு தடவை மாற்றினேன். முதல் மாற்றம் பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது இன்னும் ஓடுகிறது, பெரும்பாலும்.

இந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் என் கேள்வி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்தப் பழுது எங்கே இருக்கிறது? கண்ணாடியில் கீறல் இருந்தால் கையால் தொட்டுக் காட்டலாம். கதவில் துரு இருந்தால் விரலால் குத்திக் காட்டலாம். இதைக் காட்ட முடியாது, சொல்லத்தான் முடியும். இருபத்தைந்து வருடம் ஆசிரியத் தொழிலில் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய அவ்வளவு காலம் இடாப்புக் கூப்பிட்டவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, இவன் பாடசாலைக்கு ஒழுங்காக வருகிறவனா என்று சொல்ல முடியாது. இன்றைக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒழுங்கு என்பது இடாப்பில்தான் தெரியும்.

அதனால் காருக்கும் ஓர் இடாப்பு வைத்திருக்கிறேன். வாங்கிய மாதத்திலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பி. எந்தத் திகதியில் எண்ணெய் மாற்றியது, எப்போது பிரேக் பார்த்தது, எத்தனை கிலோமீற்றரில் எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு நேரம் கழித்து எழும்பியது எல்லாம் அதில் உண்டு. அட்டாளைச்சேனையில் பயிற்சி பெற்ற காலத்தில், பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று எங்களை வதைத்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். அந்த வதையின் மிச்சம் இது. மனைவிக்கு இந்தக் கொப்பி ஒரு பகிடி. பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கூட நான் இப்படிக் கணக்கு வைத்ததில்லையாம்.

எங்கள் நாட்டின் வாகனச் சந்தையைப் பற்றியும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் உலகத்தில் வேறெங்கும் பொருந்துகிற நியாயம் இங்கே தலைகீழாகிறது. மற்ற நாடுகளில் கார் பழசாகப் பழசாக விலை இறங்கும். இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடையில் ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே சுற்றிச் சுற்றிக் கைமாறின. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாயானது. அதையும் வாங்க நாட்கணக்கில் வரிசையில் கிடந்தோம். பிறகு கியூ.ஆர். அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் ஓட்ட முடியாத காருக்கு விலை இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? ஏறியது. ரூபாயின் பெறுமதி விழுந்தபோது, காசை வங்கியில் வைப்பதை விட காரில் வைப்பது மேல் என்று மக்கள் நினைத்தார்கள். என் கார் வீட்டு முற்றத்தில் பெற்றோல் இல்லாமல் நின்றபடியே விலை கூடிக்கொண்டிருந்தது. 11 இலட்சத்துக்கு வாங்கியதை ஒன்பது வருடம் ஓடித் தேய்த்தபின் 27 இலட்சத்துக்குக் கேட்டு வந்தார்கள். கதவு திறந்த பின்னரும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதிய வாகனம் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பழசுக்கு இன்னும் மவுசு.

விலை ஏறுகிறபோது சொல்ல வேண்டிய கடமையும் ஏறுகிறது என்பது என் எண்ணம். இரண்டு இலட்சத்துக்குக் கிழட்டுக் கார் வாங்குகிறவன் நோயையும் எதிர்பார்த்துத்தான் வாங்குகிறான். 27 இலட்சம் கொடுப்பவன் நகையை அடகு வைத்து, லீசிங்கில் கையெழுத்துப் போட்டு, ஐந்து வருடச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுக்கிறான். அவனுடைய மடியில் ஒரு நடு றோட்டு நிற்பாட்டத்தை வைத்துவிட்டு வருவது வேறு விசயம்.

சட்டம் என்ன சொல்கிறது? எங்கள் நாட்டில் இன்றும் அடிப்படையாக இருப்பது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரனின் சட்டத்தைப் பார்த்து எழுதியது. வியாபாரத்தைத் தொழிலாகச் செய்கிறவனுக்குச் சில பொறுப்புகளை அது வைக்கிறது. என்னைப் போலத் தன் சொந்தக் காரை விற்கும் தனி ஆளைப் பொறுத்தவரை, வாங்குகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கட்டும் என்பதே அதன் போக்கு. பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

வாயை மூடிக்கொண்டிருப்பது மறைப்பதாகுமா என்று இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னரே சண்டை பிடித்திருக்கிறார்கள். ரோமாபுரியின் சிசரோ, கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இரண்டு தத்துவஞானிகளை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருவன் வீடு விற்கிறான். சுகாதாரக் கேடான வீடு, அறைகளிலே பாம்பு, மரமெல்லாம் உளுத்தது. அவன் சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனிய தியோஜெனிஸ், சொல்லாமல் விடுவது வேறு, மறைப்பது வேறு என்கிறார். விற்கிறவன் வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். அவருடைய மாணவர் அந்திபாத்தர், வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதை விட இது மோசம் என்கிறார். சிசரோ மாணவரின் பக்கம் நிற்கிறார். எங்கள் புரோக்கர்மார் எல்லாரும், பெயர் தெரியாமலே, தியோஜெனிஸின் சீடர்கள்.

1970இல் ஜோர்ஜ் அக்கர்லோவ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பாவித்த கார்களை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று சஞ்சிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. 2001இல் அதே ஆய்வுக்காக நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னது இதுதான். காரின் குணம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகித்து நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல காரைக் கொடுக்க அதன் சொந்தக்காரனுக்கு மனம் வராது, அவன் சந்தையிலிருந்து விலகுவான். மிஞ்சுவது ஊத்தைக் கார்கள். அதைக் கண்டு விலை இன்னும் இறங்கும், இன்னும் சில நல்லவை விலகும். பொய் சொல்லாமல் மௌனமாக இருப்பவனும் இந்தச் சந்தையைக் கெடுப்பதில் பங்காளிதான் என்பது அவருடைய கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். எங்களூர்ச் சந்தையில் நல்ல காரை நல்ல கார் என்று சொன்னாலும் நம்ப ஆளில்லை. சொல்கிறவனின் தாடியைப் பார்த்தும் நம்புவதில்லை. சில இடங்களில் தாடியைப் பார்த்தே நம்புவதில்லை.

நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் இந்த விசயம் எவ்வளவு நுட்பமாகப் பேசப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வியந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விற்பனையில் "ஐப்" என்கிற குறை எது? பொருளையோ அதன் பெறுமதியையோ குறைத்து, வாங்குபவனின் நியாயமான நோக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. அந்த இனப் பொருளில் பெரும்பாலும் இல்லாதிருக்க வேண்டிய ஒன்று. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பாருங்கள். முப்பது வருடக் காரில் இருக்கையின் துணி கிழிந்திருப்பது குறையல்ல. அந்த வயதில் எல்லாக் காரிலும் கிழிந்திருக்கும். ஆனால் சூட்டில் நின்றுவிடுவது? முப்பது வருடக் கார்களில் அது பெரும்பாலும் உள்ளதா, இல்லாததா? இதைக் கேட்டு ஒரு மௌலவியிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, "சேர், அது எனக்கிட்ட கேக்குற கேள்வியில்ல, பாஸ்கிட்ட கேக்குற கேள்வி" என்றார். அந்த இனத்தை அறிந்தவனிடம்தான் அந்த இனத்தின் வழமையைக் கேட்க வேண்டும் என்பது சரியான பதில்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை" என்று நிபந்தனை போட்டு விற்கலாமா? இன்று நாம் "உள்ளது உள்ளபடி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமே, அது. முவத்தாவில் ஒரு சம்பவம் வருகிறது. இப்னு உமர் (ரழி) அவர்கள் 800 திர்ஹத்துக்கு ஓர் அடிமையை இப்படிப் பொறுப்பு நீக்கி விற்றார்கள். வாங்கியவர், இவனுக்கு நோயிருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை என்று கலீபா உஸ்மான் (ரழி) அவர்களிடம் முறையிட்டார். விற்கும்போது அந்த நோய் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பாயிற்று. இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவன் அவர்களிடமே சுகமானான், 1500 திர்ஹத்துக்கு விலை போனான். விற்கப்பட்டது ஒரு மனிதன் என்பது இன்று வாசிக்கும்போது நெஞ்சில் குத்துகிறது. அதைச் சொல்லாமல் இந்தச் சம்பவத்தைக் கடந்து போக என்னால் முடியவில்லை. ஆனால் தீர்ப்பின் அச்சைப் பாருங்கள். கேள்வி, குறை இருந்ததா என்பதல்ல. உனக்குத் தெரியுமா என்பது.

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இதை வைத்து உயிருள்ள பிராணிக்கும் மற்றப் பொருளுக்கும் வேறுபாடு காண்கிறார்கள். பிராணி நோயிலும் சாப்பிடும், சுகத்திலும் சாப்பிடும். அதன் நிலை மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே மறைந்த குறையில்லாத பிராணி அரிது. ஆகவே விற்பவனுக்கே தெரியாத உட்குறை விசயத்தில் பிராணிக்கு மட்டும் அந்தப் பொறுப்பு நீக்கத்துக்கு இடமுண்டு. துணிக்கு இல்லை. துணியில் என்ன இருக்கிறது என்று விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் கார் துணியா, ஒட்டகமா? இந்தக் கேள்வியோடு நான் பல நாள் மஹியங்கனை வீதியில் போயிருக்கிறேன். உலோகத்தால் செய்த பொருள் என்று பார்த்தால் துணியின் இனம். ஆனால் அதன் நடத்தை பிராணியின் நடத்தை. நோயிலும் பெற்றோல் குடிக்கிறது, சுகத்திலும் குடிக்கிறது. வெயிலுக்கு ஒரு குணம், துலாம் மாத மழைக்கு ஒரு குணம். நான் ஒட்டகத்தின் பக்கமே சாய்கிறேன். அப்படிச் சாய்வது எனக்கு வசதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒட்டகமானாலும் விலக்குக் கிடைப்பது தெரியாத குறைக்குத்தான். எனக்குத் தெரியும். திகதியிட்டு, என் கையெழுத்திலே, சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கொப்பி இல்லாதவர்கள் மறதியைக் காரணம் காட்டலாம். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

போன மாதம் புரோக்கர் நானா ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், பொனட்டைத் திறந்து காது கொடுத்தார், 27க்குச் சம்மதம் என்றார். நான் கொப்பியை நீட்டினேன். அதைக் கையில் வாங்காமலே பின்னுக்கு நகர்ந்தார்.

"சேர், இதெல்லாம் எனக்குக் காட்ட வாணாம். நீங்க சென்னா நானும் செல்லோணும். செல்லாட்டி எனக்கும் தெரியா, வாங்குறவனுக்கும் தெரியா. யாருக்கும் பாவமில்ல."

"தெரிஞ்சவன் நான் ஈக்கனே நானா?"

"நீங்க எனக்குத்தானே விக்கிறீங்க? எனக்குக் கொறை இல்ல. நான் அப்படியே எடுக்கன். கொப்பியோட குடுக்கிறெண்டா 24. கொப்பி இல்லாட்டி 27."

மூன்று இலட்சம் என்பது இதுதான். என்னுடைய நான்கைந்து மாதச் சம்பளம். உம்மாவின் ஒரு முழங்காலில் பெரும் பங்கு.

அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து நேரத் தொழுகையாளி. அவர் தன் வாயால் ஒரு பொய்யும் சொல்ல விரும்பவில்லை. அதனால்தான் உண்மையைக் கேட்கவும் விரும்பவில்லை. யோசித்துப் பார்த்தால் இது ஒரு விசித்திரமான பேணுதல். பொய்யிலிருந்து நாவைப் பாதுகாக்க, காதை மூடுகிறார். அந்த மூன்று இலட்சம் அவருடைய காதை மூடுவதற்கான கூலி.

அவருடைய வாதத்தில் ஒரு பலம் உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் விற்பது அவருக்கு. அவர் குறையைத் தெரிந்தே, கேட்க மறுத்தே வாங்குகிறார். என் ஒப்பந்தம் அவரோடு முடிகிறது. அவர் நாளைக்கு யாருக்கு எப்படி விற்பார் என்பது அவருடைய கணக்கு. இப்படிப் பார்த்தால் நான் தப்பித்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஒரு சம்பவம் சொல்லியிராவிட்டால் நானும் அப்படியே நினைத்திருக்கக் கூடும். ஒரு மனிதர் ஒட்டகமொன்றை 300 திர்ஹத்துக்கு விற்கிறார். பக்கத்தில் நின்ற வாஸிலா இப்னு அஸ்கஃ (ரழி) அவர்கள் எங்கோ கவனமாக இருந்துவிட, வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். உடனே வாஸிலா பின்னால் ஓடிப்போய்ச் சத்தமிட்டு நிறுத்துகிறார்கள். இதை அறுக்க வாங்கினீரா, ஏறிப்போக வாங்கினீரா என்று கேட்கிறார்கள். ஏறிப்போக என்றதும், அதன் குளம்பில் ஒரு துவாரமிருப்பதை நான் பார்த்தேன், தொடர்ந்து பயணம் தாங்காது என்கிறார்கள். வாங்கியவர் திரும்பி வருகிறார், விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாகிறது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர் என்று விற்றவர் கோபிக்கிறார். குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது. அதை அறிந்த எவரும் சொல்லாமல் விடுவதும் ஆகாது என்ற கருத்தில் நபிமொழியைக் கேட்டதாக வாஸிலா பதில் சொல்கிறார்கள்.

வாஸிலா விற்றவரல்ல, வாங்கியவரல்ல, தரகருமல்ல. அவருக்கு அதில் ஒரு திர்ஹமும் இல்லை. அவர் அறிந்தவர், அவ்வளவுதான். கடமை ஒப்பந்தத்திலிருந்து பிறக்கவில்லை, அறிவிலிருந்து பிறந்தது. அப்படியானால் என் கடமை புரோக்கரோடு முடிகிறதா? குளம்பின் துவாரம் எனக்குத் தெரியும். ஒட்டகத்தில் கடைசியாக ஏறுகிறவன் யாரோ, அவனுக்குத்தான் அது தெரிய வேண்டும். அந்தக் கேள்வியும் எவ்வளவு அழகான கேள்வி: அறுக்கவா, ஏறவா? நோக்கம் தெரிந்தால்தான் குறை குறையாகிறது. கண்டி டவுனுக்குள் ஓடுகிறவனுக்கு என் காரின் நோய் ஒரு சில்லறைத் தொல்லை. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, பதினெட்டு வளைவு வழியாக மாலை மங்கிய பின் பிள்ளையும் மனைவியுமாக இறங்குகிறவனுக்கு அது வேறு.

புரோக்கர் நானா போகும்போது ஒரு சொல் சொன்னார். "யாரோ ஒத்தன் தானே சேர். நம்மட ஆளாயிருந்தா நான் பாத்துச் செல்லுவன்."

இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்றுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். நம்மட ஆள், மற்ற ஆள் என்ற கணக்கு எங்கள் வியாபாரத்தில் உண்டு. மற்றவர்களிடமும் உண்டு, ஆனால் இது எங்கள் சஞ்சிகை, எங்களைப் பற்றிப் பேசுவோம். முஸ்லிமுக்கு நலம் நாடுவது கடமை என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவனுக்கு அது கடமையில்லை என்று வசதியாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரமான தானியத்தை உள்ளே வைத்து, காய்ந்ததை மேலே வைத்த வியாபாரியின் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, வாங்க வருகிறவன் யார் என்று கேட்கவில்லை. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

2018இல் எங்கள் பக்கத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெப்ரவரி 22இல் தெல்தெனியவில் வீதியிலே வாகனம் சம்பந்தமாக எழுந்த ஒரு தகராறில், எங்கள் இளைஞர் நால்வர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். மார்ச் 3இல் அவர் இறந்தார். அதன்பின் திகனவிலும் சுற்றுவட்டத்திலும் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் வாகனங்களும் எரிந்தன. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்த வாரம் என் கார் வீட்டில் இல்லை. சிலிண்டர் ஹெட் கழற்றிய நிலையில் கராஜில் கிடந்தது. எங்கள் கராஜ் பாஸ் சிங்களவர். யாருடைய கார் என்று பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதைத் தள்ளி உள்ளே விட்டு, தார்ப்பாயால் மூடி, அதன் முன்னால் தன்னுடைய வேனை நிறுத்தி வைத்திருந்தார். நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஹெட் கஸ்கட் வந்துவிட்டது, அவசரமில்லை, வீதி சரியானதும் வாருங்கள் என்று மட்டும் சொன்னார். தார்ப்பாயைப் பற்றிச் சொல்லவில்லை. அதை அவருடைய பையன்தான் பிறகு சொன்னான்.

அந்த மனிதரின் தொழிலிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, எங்களுக்கு இருப்பதை விடச் சிக்கலாக. பத்து வருடம் தானே பழுது பார்த்த காரை, வாங்க வந்தவன் அவரிடமே கொண்டுவந்து பரிசோதிக்கச் சொல்வான். விற்பவனும் வாடிக்கையாளன், வாங்குபவனும் நாளைய வாடிக்கையாளன். என்ன செய்வீர்கள் பாஸ் என்று கேட்டேன். "விற்கிறவரை முதலில் கூப்பிட்டு, நான் சொல்லத்தான் போகிறேன், நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள் என்பேன்" என்றார். சிலர் அதற்குப் பிறகு அவரிடம் வருவதில்லையாம். என் காரில் சூட்டில் நிற்கும் நோய் அந்த வயதுக்கு வழமையா என்றும் கேட்டேன். மௌலவி அனுப்பிய கேள்வி என்று சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்தார். "பத்துக் காரில் இரண்டுக்கு வரும். வழமை என்று சொல்ல மாட்டேன்." ஆக, ஐப்தான்.

எனக்கு 2013இல் விற்றவர் இதில் எதையும் சொல்லவில்லை. குளிரூட்டும் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வையே கழற்றி எறிந்துவிட்டு விற்றிருந்தார். சூடேறுகிற நோயை மறைக்க இங்கே பலர் செய்கிற வேலை அது. ஆகவே நீயும் சொல்லாமல் கொடு, வந்த வழியே போகட்டும் என்கிறார் என் மச்சான். கள்ள நோட்டைத் தெரியாமல் வாங்கியவன் அதைத் தெரிந்துகொண்டே கடையில் மாற்றலாமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். உம்மாவிடம் இந்தக் கணக்கை நான் விவரமாகச் சொல்லவில்லை. மூன்று இலட்சம் குறையும் என்று மட்டும் சொன்னேன். "ஒரு காலை முந்திச் செய்யலாம், மத்தக் காலுக்கு அல்லாஹ் ஈக்கான்" என்றார். வலிப்பது அவருடைய முழங்கால் என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டு நான் பெருமைப்படவும் இல்லை, ஆறுதலடையவும் இல்லை. கடமையின் செலவைக் கட்டுகிறவர் எப்போதும் கடமையைச் செய்கிறவராக இருப்பதில்லை. இந்தக் கணக்கை எந்த நூலிலும் நான் தீர்த்துக் காணவில்லை.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், இளைஞர், மனைவியின் ஊர் ஹஸலக. பதினெட்டு வளைவால் மாதம் இருமுறை போய்வர வேண்டியவர். கொப்பியைக் கொடுத்தேன். தமிழில் எழுதியிருப்பதால் ஒரு மாலை முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவர் சிங்களத்தில் குறித்துக்கொண்டார். 2019 செப்ரெம்பரில் ஒரே பகுதியை இரண்டு தடவை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். பஞ்சிகாவத்தைச் சாமானின் இலட்சணத்தைச் சொன்னேன். 24 கேட்டேன், 23½ என்கிறார். வரும் ஞாயிறு தன் தகப்பனோடு வந்து ஹுன்னஸ்கிரிய மேட்டில் ஓட்டிப் பார்க்கிறார். மேலே ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். நின்றுவிட்டால் இறங்குவதற்கு பாஸின் வேன் பின்னால் வரும்.